வர்ஷினிக்கு வைத்த பச்சைச் சேலை

அருள்புரம்
16.02.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன்.

என் பெயர் சத்யப்பிரியா. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸில் குறை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. இந்தத் தைப்பூசத்துக்குக் கம்பெனிப் பெண்களோடு பழனிக்கு நடந்து வந்தேன். மடத்துக்குளத்துக்கு முன்னால் பந்தல் போட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். என் டம்ளரில் ஊற்றிவிட்டு, "இன்னொரு டம்ளர் குடி கண்ணு, வெய்யலு ஏறிப்போச்சு" என்றீர்கள். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேனே, அந்தப் பெண் நான்தான்.

ஏன் ஓடினேன் என்றால், உங்களுக்கு நான் விளக்குப் போட்டுக் கும்பிட்டிருக்கிறேன் அக்கா.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் பெயர் சிவபிரகாஷ். பையிங் ஆபீஸில் க்யூசி, ஏற்றுமதிக்குப் போகிற துணியின் தரம் பார்க்கிற வேலை. எங்கள் கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பழக்கம். அவருடைய பர்ஸில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருப்பார். "இவ வர்ஷினி. என்னையச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே மருந்தக் குடிச்சுச் செத்துப்போனா" என்று சொன்னார். கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, வீட்டுக்கு வருகிற பெண் அதைக் கட்டிக்கொள்வது நம் பக்கத்தில் உண்டுதானே. போன ஆடி வெள்ளியன்று ராமர் பச்சையில் ஒரு சேலை வாங்கிவந்து, படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி, என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என் உடம்பில் நான் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றுவதே இல்லை. கண்ணாடி பார்த்தால் பின்னால் யாரோ நிற்கிறாற்போல் இருக்கிறது.

படத்தில் இருப்பவருக்கு இடது புருவத்தின் நடுவில் முடியில்லாமல் ஒரு கோடு. மோர் ஊற்றிய உங்களுக்கும் அதே கோடு. கூட வந்த பெண்ணை அனுப்பி விசாரித்தேன். "அது சாமியாத்தாளுங்க, கணியூர்ல டைலர் கடை வெச்சிருக்குது" என்று சொன்னார்களாம். வர்ஷினிக்கு அக்கா தங்கை யாராவது உண்டா? நீங்கள் அவரா? தயவுசெய்து எழுதுங்கள்.

என் போனுக்கு வேண்டாம். என் வாட்ஸாப் அவர் லேப்டாப்பிலும் ஓடுகிறது. பக்கத்து டேபிள் ஆஃப்ரினின் அத்தா, அதாவது அப்பா, பக்கீர் முகமது இங்கே கட்பீஸ் கடை வைத்திருக்கிறார். அந்த விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சத்யப்பிரியா


கணியூர்
20.02.2025

சத்யப்பிரியாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். காலையில் களி தின்றேன், மத்தியானம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தேன், சாயங்காலம் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததில் நான் செத்துப்போன சேதியைப் படித்தேன். படித்துவிட்டு ஒரு பாடு சிரித்தேன். பிறகு கடையை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. வர்ஷினி என்று ஒருத்தி இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. திருப்பூரில் நான் தைத்துக்கொண்டிருந்தபோது, "சாமியாத்தாள்னு கூப்புட்டா கெழவியக் கூப்புடறாப்புல இருக்குது, உன்னைய வர்ஷினின்னு கூப்புடறன்" என்று அவன் வைத்த பேர் அது. கொஞ்ச நாள் எனக்கும் பிடித்திருந்தது. பிறகு அந்த வர்ஷினி எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள், யாரோடு பேசமாட்டாள் என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். அந்தப் படம் கம்பெனி ஐடி கார்டுக்கு எடுத்தது. ஒன்று மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பச்சை எனக்கு ஆகவே ஆகாது. அவன் வாங்கிக் கொடுத்துக் கட்டிக்கொண்டதுதான்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சண்முகவேலுக்குத் திருப்பூர்க் கதை எதுவும் தெரியாது. நான் செத்துவிட்டதாக அவன் சொல்லிக்கொண்டு திரிந்தால் நல்லதாகப் போயிற்று. செத்தவளைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஆகையால் என்னைப் பார்த்ததாக அவனிடம் மூச்சு விடாதே. எனக்கு இனிமேல் எழுதவும் வேண்டாம்.

சாமியாத்தாள்

கட்டிக்கொள்ளப்போகிறவர் என்று எழுதியிருக்கிறாயே, எப்போது?


அருள்புரம்
25.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீஸில். என் வீட்டுக்குத் தெரியாது. அப்பா ஆறுமுகசாமியும் அம்மாவும் சோமனூர்ப் பக்கத்தில் தறி ஓட்டுகிறார்கள். "முன்னாலயே சொன்னா உன்னையப் பிரிச்சிருவாங்க" என்று அவர் சொல்கிறார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பழனி முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பத்தாம் தேதிக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாமாம். எனக்குத் தனி போனும் வேண்டாமாம். "நமக்குள்ள எதுக்கு ரெண்டு போனு?" என்றார். கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அறைக்கு வந்ததும் போனில் இருந்த நம்பர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் பேசமாட்டார். கத்தவே மாட்டார். அப்படியே நாள்கணக்காக இருப்பார். ஒருமுறை ஆஃப்ரின் வீட்டு நோன்புக் கஞ்சிக்குப் போனதைச் சொல்லாமல் விட்டேன் என்று பேச்சை நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் அனுப்பினேன். "இதுல உண்மையே இல்ல. மறுக்கா அனுப்பு" என்றார். மறுபடி அனுப்பினேன். அழுதுகொண்டே அனுப்பியதைத்தான் ஏற்றுக்கொண்டார்.

நீங்கள் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. செத்துப்போனதாகச் சொன்னது பொய்தான். ஆனால் உங்களைப் பிரிந்த வருத்தத்தில் அவருக்கு நீங்கள் செத்த மாதிரி ஆகியிருக்கலாம், இல்லையா? கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள்? அதைச் சொன்னால் நான் அதைச் செய்யாமல் இருந்துகொள்வேன்.

சத்யப்பிரியா


கணியூர்
01.03.2025

சத்யா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு உன்னை அறைய வேண்டும் போல் இருந்தது. பிறகு அது நான் எழுதிய வரி மாதிரியே இருந்ததால் அழுதேன். நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். என்ன தப்புச் செய்தேன், என்ன தப்புச் செய்தேன் என்று. தலைமுடியைப் பின்னியது தப்பு, பின்னாதது தப்பு. சிரித்தால், "யாரப் பாத்துச் சிரிச்ச?" சிரிக்காவிட்டால், "என்ற மேல என்ன வெறுப்பு?" ஒரு தப்பைத் திருத்தினால் அடுத்தது தயாராக இருக்கும். கடைசியில் உயிரோடு இருப்பதே தப்பு என்று நானே நம்பிவிட்டேன். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவர அவன் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசியதில்லை. கை ஓங்கியதில்லை. அதுதான் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. "என்னடி பண்ணினான்?" என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்வது?

எனக்குக் காய்ச்சல் வந்தபோது இளநீர். உனக்குக் கீழாநெல்லி. நல்லவனாக இருந்த நாளெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த இளநீரை வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டினான் என்று மட்டும் சொல்கிறேன்.

நீ என்னை நம்பவேண்டாம். அவன் வாயையே நம்பு. நான் இப்போது எழுதுவதை அவன் உன்னிடம் சொன்னானா பார். சொல்லியிருக்காவிட்டால் சொல்வான்.

"உன்ற கூட்டாளிக்கு நம்மளப் பாத்துப் பொறாமை." இது ஆஃப்ரினைப் பற்றி வந்திருக்கும். அவன் சொன்ன ஒன்றை நீ எடுத்துச் சொன்னால், "நானா அப்படிச் சொன்னேன்? நீயா எதையாச்சும் நெனச்சுக்கற, உனக்கு மறதி அதிகமாயிருச்சு" என்பான். நீ தயங்கினால், "எனக்காக எல்லாத்தையும் உட்டுட்டு வந்தா வர்ஷினி. நீ ஒரு கையெழுத்துக்கு யோசிக்கற" என்பான். எனக்கு அந்த இடத்தில் வேறொருத்தி பேர் இருந்தது. அவளும் செத்தவள்தான். அவளுக்கும் நான் விளக்குப் போட்டேன். அவளும் இந்நேரம் எங்கேயோ களி கிண்டிக்கொண்டிருப்பாள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கல்யாணத் தேதி நெருங்க நெருங்க இன்னொன்று சொல்வான். சன்னமான குரலில், உன்மேல் அக்கறையாகச் சொல்வான்: "நான் செத்தாலும் உன்ற பேர எழுதி வெச்சுட்டுச் சாகமாட்டன், பயப்படாத."

அதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு எழுது.

நான் மருந்து குடித்துச் சாகவில்லை. இருமலுக்குச் சிரப் குடித்ததோடு சரி. ஒரு நாள் காலையில் ஷிஃப்டுக்குப் போகிறவள் போல டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டில் உடுமலை பஸ் ஏறிவிட்டேன். வேறு ஒரு துணிகூட எடுக்கவில்லை.

முருகனுக்குச் செய்த சத்தியத்தை நினைத்துப் பயப்படாதே. முருகன் என்ன அவனுக்கு வேலை பார்க்கிற சூப்பர்வைசரா, அவன் சொன்னபடியெல்லாம் கணக்குப் பார்க்க?

சாமியாத்தாள்


அருள்புரம்
05.03.2025

அக்கா,

நேற்றுச் சொல்லிவிட்டார்.

வேன் ஏறுவதற்கு முன்னால் கேட் பக்கத்தில் நின்று பேசினோம். ரிஜிஸ்டர் பண்ணுவதை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா என்று மட்டும்தான் கேட்டேன். தலையைத் தடவிக்கொடுத்து, அதே குரலில், நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லை. அவர் பேசுவதுபோல் இல்லை, உங்கள் கடிதத்தை யாரோ என் காதில் வாசிப்பதுபோல் இருந்தது. நான் வெளிறிப்போனதைப் பார்த்து அவருக்கு ஒரு நிறைவு. அதையும் பார்த்தேன். முன்னாலும் எத்தனையோ தடவை பார்த்திருக்க வேண்டும், இவ்வளவு நாள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஊசிக்கோடு என்று ஒன்று உண்டு அக்கா. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி வளைந்திருந்தால் ரோல் முழுக்க ஒரே இடத்தில் கோடு விழும். ஒரு பீஸில் பார்த்தால் அழுக்கோ, மடிப்போ என்று தேய்த்துப் பார்ப்போம். அதே ரோலில் வெட்டிய அடுத்த பீஸிலும் அதே இடத்தில் இருந்தால்தான் துணியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, கோளாறு மெஷினில் என்று தெரியும். இத்தனை நாளாக நான் என்னையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? நேற்று இரவு ஒரு போட்டோ அனுப்பினார். மேஜைமேல் மாத்திரைகள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். கீழே எதுவும் எழுதவில்லை. பார்த்ததும் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன், கட்டாயம் வருகிறேன் என்று கதறிவிட்டேன். அதன் பிறகுதான் போனை வைத்தார். விடிந்ததும் குட்மார்னிங் அனுப்பினார்.

உங்களுக்கென்ன அக்கா, நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். கணியூரில் உட்கார்ந்து முருகனைக் கிண்டல் பண்ணி எழுதுகிறீர்கள். நான் போகாமல் இருந்து அவர் நிஜமாகவே ஏதாவது செய்துகொண்டால்? பொய்யான ஒரு சாவுக்கே நான் இப்படி ஆகிவிட்டேன். நிஜமான ஒன்றைச் சுமந்துகொண்டு நான் எப்படி இருப்பேன்? அதற்கு அவரோடு போய்விடுவதே மேல் என்று தோன்றுகிறது.

கோபத்தில் எழுதுகிறேன். கிழிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

சத்யா


கணியூர்
07.03.2025

சத்யா கண்ணு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. திருப்பூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அருள்புரத்தில் ஆஃப்ரினின் அத்தாவிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடையில் சட்டை தைத்துக்கொள்கிற பையன்தான், ஏமாற்றமாட்டான்.

அந்தப் போட்டோவை எடு. எனக்கு நீ அதைக் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். எவர்சில்வர் டம்ளரில் 'ஆ.சி.' என்று அவன் பேர் வெட்டியிருக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். மேஜைமேல் நீலக் கட்டம் போட்ட விரிப்பு. பின்னால் சுவரில் தினசரி காலண்டர் ஒரு ஓரமாகத் தெரியும். பெரிசு பண்ணி அதில் என்ன வருஷம் என்று பார்.

அது எனக்கு அனுப்பிய போட்டோ. அன்றைக்குச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் அறை நண்பர்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். "நீ ஓடி வரியா, வல்லியான்னு பாத்தேன்" என்று சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஓடி வந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன், பார்த்துக்கொள்.

ஒருவேளை காலண்டரில் இந்த வருஷமே இருந்தால் நான் சொன்னது தப்பு என்று வைத்துக்கொள். அப்போதும் நீ ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகாதே. அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவருக்குப் போன் போட்டுச் சொல். 108-க்குச் சொல். சாகப்போகிறேன் என்கிறவனை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். உன்னைக் கட்டிக்கொடுத்து அதை யாராலும் குணப்படுத்த முடியாது.

நான் பஸ் ஏறினது சுலபம் என்று எழுதியிருக்கிறாய். இப்போதும் என் வீட்டுக்காரர் களைத்துப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் கை தானாக நடுங்கும். என்ன தப்புச் செய்தேன் என்று உடனே மனசு தேடப் போய்விடும். அந்த மனுஷனுக்கு ஏன் என்றே தெரியாது. அதனால் எனக்கென்ன என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மாவுக்குப் போன் செய். சத்தியத்தை என்மேல் போட்டுவிடு. செத்தவள்தானே, நான் தாங்கிக்கொள்கிறேன்.

சாமியாத்தாள்


அருள்புரம்
12.03.2025

அக்கா,

திங்கட்கிழமை நான் வேலைக்குத்தான் போனேன்.

காலண்டரில் 2018. டம்ளரில் ஆ.சி. எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. ஆஃப்ரின்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகவேண்டிய நேரம் தாண்டியதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் பயம் அதிகமானது. நீங்கள் சொன்னபடி அவருடைய அண்ணனுக்குப் போன் செய்து, இந்த மாதிரி மாத்திரை போட்டோ அனுப்பியிருக்கிறார், உடனே போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் பதறிப்போய்த் தேடிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "ஏம்மா, அவன் இங்க ஓட்டல்ல உக்காந்து பிரியாணி தின்னுட்டு இருக்கறான். என்னம்மா வெளையாட்டு இது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேபிளுக்குக் கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஆஃப்ரின் முதுகைத் தடவிக்கொண்டே, "போவட்டும்டி, எல்லாம் வெளிய போவட்டும்" என்றாள்.

சாயங்காலம் கேட்டில் வந்து நின்றார். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி அழுதார். "இந்தப் புள்ளைக்காக நான் என்னென்ன செஞ்சேன், கேளுங்க" என்று செக்யூரிட்டியிடம் சொன்னார். இரண்டு டைலர் பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம் போய் அவர் கண்ணைத் துடைக்க வேண்டும் போல் இருந்தது அக்கா, நிஜமாகவே இருந்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "நட சாமி" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாளாக அம்மாவும் என்னோடு ஆஃப்ரின் வீட்டில்தான் இருக்கிறாள். புதுப் போன், புது நம்பர். வேறு கம்பெனிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பச்சைச் சேலை மட்டும் பெட்டியில் இருக்கிறது. எரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

உங்கள்
சத்யா


கணியூர்
18.03.2025

சத்யா,

அந்தச் சேலையை எனக்குப் பார்சல் போடு. எனக்காக வைத்துக் கும்பிட்டது, எனக்குத்தானே சேர வேண்டும். வெட்டித் தையல் மெஷினுக்கு உறை தைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மாவுக்கு என் கும்பிடு. இனிமேல் எழுதவேண்டாம். உன்மேல் கோபமில்லை. உன் கடிதம் வருகிற நாளெல்லாம் வர்ஷினியும் கூட வருகிறாள். நான் செத்தவளாகவே நிம்மதியாக இருந்துகொள்கிறேன்.

சாமியாத்தாள்


அருள்புரம்
05.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதவேண்டாம் என்ற பிறகு இத்தனை மாதம் எழுதவில்லை. நன்றாகத்தான் இருந்தேன். புதுக் கம்பெனி, புது டேபிள். ஆடி மாதத்தில் ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று தலை சீவியபோது பின்னால் யாரும் இல்லை என்று திடீரென்று தெரிந்தது. அதை உங்களுக்கு எழுத ஆசையாக இருந்தும் எழுதவில்லை.

போன புதன்கிழமை ஆயுத பூஜை. பொரி வாங்கிக்கொண்டு ஆஃப்ரினைப் பார்க்கப் பழைய கம்பெனிக்குப் போனேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். செக்கிங் டேபிளில், என் இடத்தில், ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கட்டியிருந்தது ராமர் பச்சைச் சேலை.

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பொரித் தட்டு கீழே விழுந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அக்கா... நீங்க செத்துப் போயிட்டீகளே" என்றாள்.

அவள் பெயர் வெள்ளையம்மாள். ராமநாதபுரம் பக்கம். ஊரை விட்டு முதல் தடவையாக வந்திருக்கிறாள். "அவுக காட்டுன படத்துல நீங்கதான் இருக்கீக, நெத்தியில பொட்டு வச்சு. உங்களுக்குத்தான் இந்தச் சேலைய வச்சுக் கும்புட்டோம்" என்றாள். என்ன பேர் சொன்னான் என்று கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன். "வர்ஷினி" என்றாள். இப்போது அந்தப் பேரில் செத்துக் கிடப்பது நான்தான் அக்கா.

நான் சத்யப்பிரியா, உயிரோடுதான் இருக்கிறேன், அவன் பொய் சொல்கிறான் என்றேன். கையைத் தொட்டுப் பார் என்று நீட்டினேன். தொடவில்லை. "அவுகள விட்டுட்டுப் போன பொம்பளைக இப்படித்தான் வந்து கலைப்பாகன்னு அவுக முன்னமே சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளும் ஒரு தேதி வைத்திருக்கிறாள். ஐப்பசி பிறந்ததும்.

ஒருத்தி போய்ச் சொன்னால் பொறாமை என்கிறாள். ஆஃப்ரின் சொன்னால் அதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. உங்களை வரச்சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் செத்தவளாக இருக்க ஆசைப்பட்டீர்கள். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் விரும்புவேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சத்யா


கணியூர்
09.10.2025

சத்யா கண்ணு,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு ஜாக்கெட்கூடத் தைக்கவில்லை. ராத்திரி என் வீட்டுக்காரரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூர், வர்ஷினி, கேரம் போர்டு, டிபன் பாக்ஸ், நீ, அந்தப் பச்சைச் சேலை, எல்லாம். கேட்டுவிட்டு ஒன்றுமே பேசாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. விடியவிடிய அவர் முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், "ஏனுங்க அம்மணி, திருப்பூருக்கு மொதப் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். அப்புறம், "நேத்து எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அதான் படுத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் சத்யா. பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணமாம். நான் அடுப்படியில் நின்று ஓவென்று அழுதேன்.

அவனுக்கு நான் இருக்கிற இடம் தெரிந்துபோகும். தெரியட்டும். பயமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் செத்தவள், எங்கே இருக்கிறாளோ தெரியாது, அவள் ஒரு நாள் பஸ் ஏறி என் டேபிள் முன்னால் வந்து நின்றிருந்தால் எனக்கு இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

நீ பார்சல் போட்ட சேலையை நான் வெட்டவில்லை. உறை தைக்கக் கத்திரி வைத்தேன், மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையே கட்டிக்கொண்டு வருகிறேன். பச்சை எனக்கு ஆகாதுதான், ஒரு நாளைக்குப் பரவாயில்லை. வெள்ளையம்மாளை ஆஃப்ரின் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு வைக்கச் சொல். நாம் அவளுக்குப் புத்தி சொல்லவேண்டாம். அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வருவோம். அந்த டம்ளர் போட்டோவையும் எடுத்து வை.

இதையும் அந்தக் கண்டக்டர் பையன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பகலிலேயே வருகிறேன். நீ அருள்புரம் ஸ்டாப்பில் நில். சீக்கிரம் சமைக்கவேண்டாம் என்று ஆஃப்ரினிடம் சொல், பஸ் லேட்டாகும். செத்தவர்கள் இரண்டு பேர் அவள் எதிரில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதை அந்தப் பெண் கண்ணால் பார்க்கட்டும்.

சாமியாத்தாள்